அம்மாவின் கைகள் ஏன் சிவக்கின்றன?

மருதாணியிட்டுச் சிவந்த கையைக் கண்டு மகிழாதவர் யார்? ஆனால் பாத்திரம் துலக்கியே சிவந்த கைகளும் நம் வீடுகளில் உண்டு. அவற்றை நாம் பார்ப்பதே இல்லை.

எங்கள் உத்திரமேரூர்ப் பக்கத்தில் அவற்றை முதலில் கவனித்தது ரேஷன் கடை இயந்திரந்தான்! அரிசி வாங்கக் கைரேகை வைக்க வேண்டும். எங்கள் அம்மா பத்து விரல்களையும் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு மாதம் வெறும் பையுடன் திரும்பினார்கள். (கருவிழியைப் பார்க்கும் கருவிகளும் இப்போது வந்துள்ளன.) ரேகை எங்கே போயிற்று?

நம் தோலின் மேலடுக்கு ஒரு சுவர் போன்றது. இறந்த செல்கள் செங்கற்கள்; அவற்றின் இடையேயுள்ள கொழுப்பு, சாந்து. பாத்திரத்தின் எண்ணெய்ப் பசையைப் போக்கும் சோப்புக்கு நம் தோலின் கொழுப்பும் ஒன்றுதான், அதையும் கரைத்துவிடும். சாந்து போனால் ஈரம் வெளியேறும். தோல் வறண்டு வெடிக்கும். வெடித்த இடத்தில் அழற்சி உண்டாகி இரத்த ஓட்டம் மிகுவதால் கை சிவக்கிறது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் நுரை வராது. நாமோ இன்னும் கொஞ்சம் சோப்பைத் தேய்ப்போம்! போதாக்குறைக்குக் கம்பி நார் ரேகை மேடுகளையே சுரண்டிவிடுகிறது.

இத்தகைய கைகளால் மருத்துவ உலகமே ஒரு நன்மை பெற்றது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கரோலின் ஹாம்ப்டன் என்ற செவிலியின் கைகள் கிருமிநாசினியான பாதரசக் குளோரைடால் புண்ணாயின. அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் 1889-90 குளிர்காலத்தில் குட்இயர் ரப்பர் கம்பெனியிடம் சொல்லி அவருக்காக மெல்லிய ரப்பர் உறைகள் செய்வித்தார். 1890-இல் இருவரும் மணந்துகொண்டனர். பின்னர் அவ்வுறை எல்லா அறுவை அரங்குகளுக்கும் பரவியது. நம் வீட்டுத் தொட்டியடிக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

ஆயினும் ரேகை அழிந்துவிடுவதில்லை. அதன் அச்சு தோலின் உள்ளடுக்கில் இருக்கிறது. மேல்தோல் ஏறத்தாழ ஒரு மாதத்தில் புதிதாகிவிடும். கை கழுவியதும் ஈரம் முழுதும் உலருமுன் தேங்காய் எண்ணெய் தடவலாம். எண்ணெயைவிட முக்கியமானது ஓய்வு.

அரைப் பரீட்சை விடுமுறை தொடங்கி ஒரு மாதம் பாத்திரங்களை நாங்களும் தம்பியும் துலக்கினோம். முதல் நாள் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அடுத்த முறை ரேஷன் கடையில் அம்மாவின் பெருவிரலை இரண்டாம் தடவையிலேயே இயந்திரம் ஏற்றுக்கொண்டது.