தருமபுரிக்குப் பக்கத்தில் ஒரு வெனிஸ்!

வெனிஸ் என்று ஒரு நகரம். இத்தாலி நாட்டில் இருக்கிறது. அங்கே தெரு என்றால் தண்ணீர்தான். நூற்றுக்கு மேற்பட்ட சின்னத் தீவுகளைப் பாலங்களால் சேர்த்துக் கட்டிய ஊர் அது. ஊருக்குள் கார் ஓடாது. 'கொண்டோலா' என்னும் நீண்ட கறுப்புப் படகில் தம்பதிகள் உலா வருவார்கள். குளிர்காலத்தில் கூட்டம் குறைவு. ஆனால் கடல் பொங்கினால் ஊர் நடுவே உள்ள பெரிய சதுக்கத்திலேயே தண்ணீர் ஏறிவிடும். 1966 நவம்பர் 4-ந் தேதி 194 செ.மீ. வரை ஏறியதாம். 2020 முதல் ராட்சதக் கதவுகளை வைத்துக் கடலைத் தடுத்து வருகிறார்கள்.

இந்த வெனிஸ் படத்தை ஒரு காலண்டரில் பார்த்த என் மனைவி, "என்னங்க, நம்மாலே எல்லாம் இப்படிப் போக முடியுமா?" என்று கேட்டாள். தை பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. சனிக்கிழமை இரவு.

"நாளைக்கே போகலாம். படகு மட்டும் வட்டமாக இருக்கும்" என்றேன்.

"ஒகேனக்கல்லா? அங்கே யார் வீட்டிலே விசேஷம்?"

நம் குடும்பங்களில் இதுதான் வழக்கம். கல்யாணம், காதுகுத்து, கருமாதி, நேர்த்திக்கடன் - இப்படி ஒரு காரணம் இல்லாமல் கணவனும் மனைவியும் சேர்ந்து வாசற்படி தாண்டுவதில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். காரணம் இல்லாமல் ஒரு நாள்கூட வெளியே போனதில்லை! என் தாயார்தான் முடிவு சொன்னார்: "பிள்ளைகளை நான் பார்த்துக்கறேன். இருட்டறதுக்குள்ளே வந்துடுங்க."

புகையும் கல்

தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் சுமார் 46 கிலோ மீட்டர். பென்னாகரம் தாண்டியதும் பஸ் காட்டுக்குள் இறங்குகிறது. விடியற்காலைக் குளிரில் ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டார்கள். சாலை ஓரத்தில் குரங்குகள் ஒன்றை ஒன்று கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. அருவி பாறையில் மோதித் தூளாகி எழும்போது கல்லே புகைவது போல இருக்கும். அதனால் இந்தப் பெயர். எதிர்க்கரை கர்நாடகம். இங்கே விழும் காவிரிதான் 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணைக்குப் போய்ச் சேருகிறது.

ஆடி, ஆவணியில் கர்நாடக அணைகள் நிரம்பித் தண்ணீரைத் திறந்தால், அருவி எது ஆறு எது என்று தெரியாது. பரிசல் ஓட்டத் தடை போடுவார்கள். பரிசல்காரர் வீட்டில் அன்றைக்கு வருமானம் இல்லை. தண்ணீர் வந்தால் உழவருக்குச் சந்தோஷம், இவருக்குக் கவலை! தை மாதத்தில் ஆறு அடங்கி ஓடுகிறது. பார்க்க வருகிறவர்கள் வெள்ளத்தைத்தான் விரும்புகிறார்கள். எனக்கு இந்த அடங்கிய ஆறுதான் பிடிக்கிறது.

வட்டப் படகு

பரிசல் என்பது மூங்கில் பிளாச்சுகளால் பின்னிய பெரிய கூடை. முன்காலத்தில் அடியில் மாட்டுத் தோலைப் போர்த்துவார்கள். இப்போது பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தித் தார் பூசுகிறார்கள். முன் பக்கம், பின் பக்கம் எதுவும் கிடையாது. ஒரே துடுப்பு.

"அம்மா, நடுவிலே உட்காருங்க. எழுந்திருக்காதீங்க" என்றார் பரிசல்காரர். மிதவைச் சட்டையையும் மாட்டச் சொன்னார். 2015-இல் இங்கே ஒரு பரிசல் கவிழ்ந்து உயிர்கள் போயின. அதை மறக்கக் கூடாது.

இருபுறமும் பாறைச் சுவர். நடுவே பச்சைத் தண்ணீர். மேலே ஒரு துண்டு வானம். திடீரென்று பரிசல்காரர் துடுப்பைத் திருப்பினார். பரிசல் பம்பரம் போலச் சுழன்றது. என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். அவள் பிறந்தது பென்னாகரம் பக்கத்துக் கிராமம். அந்தப் பகுதியில் கிணற்று நீரிலும் ஆழ்குழாய் நீரிலும் புளோரைடு என்னும் உப்பு அதிகம். ஒரு லிட்டரில் ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் கெடுதல். பல் உருவாகும் சிறு வயதில் அதைக் குடித்து வந்தால் பல்லில் பழுப்புக் கறை விழும். தேய்த்தாலும் போகாது. பல வருஷம் குடித்தால் எலும்பும் கெட்டு முதுகு வளையும். அவளுக்குப் பல்லில் கறை. சிரிப்பு வந்தால் கை தானாக வாயை மூடும். கல்யாணப் போட்டோவிலும் உதட்டை இறுக மூடிக்கொண்டுதான் நிற்கிறாள்.

அன்றைக்கு இரண்டு கையாலும் என்னைப் பிடித்திருந்தாள். வாயை மூடக் கை இல்லை!

சுழற்சி நின்றதும் தண்ணீரைத் தொட்டுப் பார்த்து, "இந்தத் தண்ணிதானே நம்ம வீட்டுக் குழாயிலே வருது?" என்றாள். ஆமாம். ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கியது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஆற்று நீர் போகிறது. "அப்போ நம்ம பிள்ளைங்களுக்கு இது வராது" என்றாள். அப்புறம் வெகு நேரம் பேசவில்லை. பரிசல்காரரும் பேசாமல் துடுப்புப் போட்டார்.

மீனும் பஸ்ஸும்

கரை ஏறியதும் பசி. ஒகேனக்கல்லில் மீனை நாமே வாங்கிக் கொடுக்க வேண்டும். அங்குள்ள பெண்கள் விறகடுப்பில் குழம்பும் வைப்பார்கள், வறுத்தும் தருவார்கள். எங்களுக்குச் சமைத்த அம்மாள் மிளகாய் விஷயத்தில் தாராளம். கண்ணில் நீர் வழியச் சாப்பிட்டோம்.

பாறைகளின் மேல் எண்ணெய்க் குளியல் அமர்க்களமாக நடந்துகொண்டிருந்தது. மாலீஷ்காரர் முதுகில் தட்டும் சத்தம் அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. "நீங்களும் போங்களேன்" என்றாள். குளிருக்குப் பயந்து மறுத்துவிட்டேன்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பரிசல் கட்டணத்தை ஏறும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சோப்பு, பிளாஸ்டிக் பைகளை ஆற்றில் போடாதீர்கள். கீழே குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள். எங்கள் ஆரஞ்சுப் பழங்கள் நாலையும் குரங்கு கொண்டுபோய்விட்டது.