தாங்காத சுருளும் தாங்கும் நாடாவும்

செருமனியின் ஓபர்கௌசன் நகரில் கைசர்கார்ட்டன் பூங்காவை ஒட்டி ரைன்–எர்னெ கால்வாய் ஓடுகிறது. 2011ஆம் ஆண்டு அதன்மீது 406 மீட்டர் நீள நடைபாலம் ஒன்று திறக்கப்பட்டது. அதனைக் கருவில் கண்டவர் பொறியாளர் அல்லர். 2009இல் வெனிசு கலைவிழாவில் பொன் அரிமா விருது பெற்ற கலைஞர் தோபியாசு இரேபெர்கர். படிக்கட்டில் தானே இறங்கும் சிலிங்கி என்னும் விளையாட்டுச் சுருளைக் கரைக்குக் கரை இழுத்துவிட்டாற்போன்ற தோற்றம் அதற்கு.

அலுமினியச் சுருளின் வளையங்கள் 496. நடப்போரைச் சூழ்ந்தே வரும் அவ்வளையங்களுள் ஒன்றேனும் அவர்தம் எடையைத் தாங்குவதில்லை! தாங்குபவை காலடியில் மறைந்துள்ள எஃகு நாடாக்கள். அவற்றின்மேல் கற்காரைப் பலகைகள். பலகைகள்மேல் பல வண்ண மென்பூச்சு. கால்களுக்கு இடைப்பட்ட நடுக்கண் மட்டும் 66 மீட்டர்.

ஈரத்துணி உலர்த்தும் கொடியை நேராக்க முயன்றவர்க்கு இந்நாடாக்களின் இயக்கம் எளிதில் விளங்கும். தொய்வு குறையக் குறைய இழுவிசை ஏறும். கண்ணின் நீளத்தில் ஐம்பதில் ஒரு பங்கே தொய்வு எனில், நாடாவின் கிடைத்தள இழுவிசை அக்கண் சுமக்கும் மொத்த எடையைப்போல் ஆறு மடங்கைத் தாண்டும்; தொய்வைப் பாதியாக்கின் விசை இரட்டிக்கும். அவ்விசையை வெளிப்புறம் சாய்ந்த கால்கள் வாங்கி அடித்தளத்தில் சேர்க்கின்றன. இக்கணக்கைத் தீர்த்தவர்கள் இசுடுட்கார்ட்டின் சுலைக் பெர்கர்மன் பொறியாளர்கள். தடித்த விட்டங்களை வைத்திருந்தால் சுருளின் அழகு அங்கேயே செத்திருக்கும்.

மெலிவுக்கு ஒரு விலையுண்டு: அதிர்வு. மாந்தர் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி வைப்பர். பாலத்தின் இயல்பு அலைவெண் அதற்கு அணுக்கமாயின் ஒத்ததிர்வு எழும். கற்காரையின் எடையும் கைப்பிடி வேலியின் உராய்வும் அதனை ஒடுக்குகின்றன, முற்றிலும் ஒடுக்கவில்லை. அடி வைக்கையில் மெல்லிய துள்ளல் புலப்படும். சுருள்வில்லின் பெயர் சொல்லும் பாலத்துக்கு அது குறையன்று என்பேன்.

சுமை தாங்காத உறுப்பு பொய்யுறுப்பு என இகழும் கட்டடக்கலைஞர் உளர். இங்கு அவ்வழக்கு நில்லாது. வளையங்கள் முழுவதையும் கழற்றினாலும் பாலம் நிற்கும். ஆனால், அதனைக் காண்பதற்கென்று ஓபர்கௌசனுக்கு எவரும் செல்லார்.