நிறைவேற்றுபவர் மறைந்தால் உயில் என்னாகும்?

நீலசந்திராவில் நம் அண்டை வீட்டு அம்மையார் ஒருவர் பழைய உயிலொன்றை எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். ஊரிலிருந்த அவர் தந்தையார் தம் வீட்டை மகளுக்கும் மகனுக்குமாக எழுதிவைத்து, அதனை நிறைவேற்றும் எக்ஸிக்யூட்டர் பொறுப்பை அவர்களின் தாய்மாமனுக்கு அளித்திருந்தார். தந்தையார் காலமானார், கோர்ட்டில் புரொபேட் பெறுமுன் மாமனும் காலமானார். இப்பொழுது மாமன் மகன், "அப்பாவின் பொறுப்பு எனக்கே; சாவியைத் தரமாட்டேன்" என்கிறாராம்.

"இனி இது வெறுங் காகிதந்தானா, தம்பி?" என்று அம்மையார் கண் கலங்கினார்.

நாமோ மெட்ரிகுலேஷன் மட்டும் தேறிய ரயில்வே குமாஸ்தா. ஆகவே வழக்கறிஞர் நண்பர் ஒருவரை அணுகி, 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் கூறுவதைக் கேட்டறிந்தோம்.

நிறைவேற்றுபவர் மறைந்தாலும் உயில் மறைவதில்லை. அப்பொறுப்பு தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும் பிதுரார்ஜிதமும் அன்று. 232ஆம் பிரிவின்படி, தனித்தனியே எழுதிவைத்தது போக எஞ்சிய சொத்துக்கு உரியவர் உயிலை மெய்ப்பித்து, உயிலுடன் இணைந்த நிர்வாகப் பத்திரத்தைக் கோர்ட்டில் பெறலாம். அத்தகையவர் இல்லையேல், வாரிசோ உயிலில் பங்குள்ள மற்றொருவரோ கேட்கலாம். புரொபேட் பெற்றவர் பாதி வேலையில் இறந்தால், மீதிக்குப் புதியவரை நியமிக்க 258ஆம் பிரிவு வழிசெய்கிறது. புரொபேட் பெற்ற இருவரில் ஒருவர் மறைந்தால், முழுப் பொறுப்பும் மற்றவரைச் சாரும். இறந்தவர் வசித்த இடமோ, சொத்துள்ள இடமோ எந்த மாவட்டத்தைச் சேர்ந்ததோ, அந்த மாவட்ட நீதிபதியிடம் மனுச் செய்யலாம்.

உயில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்குச் சென்னைப் பச்சையப்ப முதலியாரின் தர்மமே சான்று. அவர் 1794இல் மறைந்தார். தம் செல்வத்தை அறங்களுக்கென்று எழுதிவைத்திருந்தார். எனினும் சொத்து நெடுங்காலம் வழக்கில் சிக்கியது. அன்றைய சென்னை சுப்ரீம் கோர்ட்டு தலையிட்ட பின்னரே அப்பணம் அறத்துக்கு வழிப்பட்டது. அவர் பெயரால் பள்ளி எழுந்தது 1842இல்தான்.

பிழைப்பை நாடி வந்த நம்மவர் பலருக்கு ஊரில் ஒரு வீடோ சிறு நிலமோ உண்டு. உயில் எழுதுவோர் தம்மினும் இளையவரை நியமித்தல் நன்று. அவரால் இயலாதபோது செயற்பட இன்னொருவர் பெயரையும் குறித்தல் வேண்டும். நியமித்தவர் நம் காலத்திலேயே இறந்துவிட்டால், உடனே உயிலைத் திருத்தி எழுதுவோமாக. உயில் இருக்குமிடத்தை வீட்டாரும் அறிந்திருக்கட்டும்.

அம்மையாரும் அவர் தம்பியும் கோர்ட்டில் மனுச் செய்ய முடிவு செய்துள்ளனர். தந்தையின் சொல் அவர் இல்லம் வரையேனும் சென்று சேரட்டும்.