கதிரியக்கக் கழிவின் அடக்கம்

1. தோற்றுவாய்

தாம்பரத்திற்கு வடக்கே அணித்தாக உள்ளது பல்லாவரம். 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியலறிஞர் ஆங்குக் கண்டெடுத்த கற்கருவியே, இந்நாட்டில் பழங்கற்கால மக்கள் வாழ்ந்தமைக்கு முதற்சான்றாக அமைந்தது. அவ்வூர்ப் பகுதியிலேயே இறந்தோரை இட்டுப் புதைத்த சுடுமண் ஈமப்பேழைகளும் பின்னர் அகழ்ந்தெடுக்கப்பட்டன. தாம்பரத்திற்குத் தெற்கே செங்கற்பட்டு வட்டாரம் முழுதும் பெருங்கற்காலத்துக் கல்வட்டங்கள் பரந்து கிடக்கின்றன. அவற்றிற்குக் கிழக்கே, கடலோரத்தில், சென்னையிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் கல்பாக்கம் அணுவாற்றல் வளாகம் உள்ளது.

இவ்விரண்டனையும் ஒருங்கு வைத்து எண்ணுதல் புதுமையாகத் தோன்றலாம். ஆயினும், நெடுங்காலம் கலையாதிருக்க வேண்டிய ஒன்றனைக் கலத்துள் இட்டு, மண்ணுள் வைத்து, மேலே குறி நாட்டுதல் என்னும் செயல் இரண்டிடத்தும் ஒன்றே. முன்னோர் அதனை இறந்தோர் பொருட்டுச் செய்தனர். இக்காலத்தார் பிறக்கவிருப்போர் பொருட்டுச் செய்கின்றனர். கதிரியக்கக் கழிவு எவ்வாறு பொதியப்படுகின்றது, எவ்விடத்து வைக்கப்படுகின்றது என்பதனை விளக்குதலும், அச்செயலுக்குரிய தமிழ்ச்சொல் யாது, அதனைப் பின்வருவோர்க்கு உணர்த்தும் வழி யாது என ஆராய்தலும் இக்கட்டுரையின் நோக்கமாம்.

2. கழிவின் இயல்பு

ஏனைய கழிவுகளைத் தீயிட்டு எரிக்கலாம். வேதிப்பொருள் கலந்து மாற்றலாம். கதிரியக்கக் கழிவோ இவற்றிற்கு அடங்குவதன்று. கதிரியக்கம் அணுவின் கருவிலே நிகழ்வது. தீயும் அமிலமும் கருவைத் தீண்டா. எரித்த பின் எஞ்சும் சாம்பலில் கதிரியக்கம் முன்னிருந்தவாறே இருக்கும். அதனைக் குறைக்க வல்லது காலம் ஒன்றே.

ஒரு கதிரியக்கப் பொருள் தன் அளவிற் பாதியாகக் குறையும் காலத்தை அரைவாழ்வு என்பர். அயோடின்-131 என்பதன் அரைவாழ்வு 8 நாள்; கோபால்ட்-60 என்பதற்கு 5 ஆண்டுக்குச் சற்று மிகை; சீசியம்-137 என்பதற்கு 30 ஆண்டு; புளூட்டோனியம்-239 என்பதற்கு ஏறத்தாழ 24,100 ஆண்டு. பத்து அரைவாழ்வு கழிந்தபின் எஞ்சுவது முன்னிருந்ததில் 1024-இல் ஒரு பங்கு. ஆகவே சீசியம் ஆயிரத்தில் ஒரு பங்காய்க் குறைய 300 ஆண்டு போதும். புளூட்டோனியம் அவ்வாறு குறைய 2,40,000 ஆண்டுக்கு மேல் வேண்டும். கழிவினைக் கையாளும் முறைகள் யாவும் இவ்வேறுபாட்டின்மேல் எழுந்தனவே.

அம்முறைகள் மூவகைப்படும். விரைவில் அழிவனவற்றைக் காலம் தாழ்த்து வைத்திருந்து பின் விடுத்தல் ஒன்று. மிக மெலிந்தனவற்றை வரையறுத்த அளவிற்கு உட்பட்டு நீரிலோ காற்றிலோ பரவவிடுதல் ஒன்று. வலியனவற்றைச் செறித்து அடக்கி வைத்தல் ஒன்று. இவற்றுள் மூன்றாவதே ஈண்டு விரிக்கத் தக்கது.

3. தாழ்நிலை, இடைநிலைக் கழிவுகள்

அணுவுலையில் பணிபுரிவோர் அணிந்து கழித்த கையுறை, துடைத்த துணி, மாற்றிய வடிகட்டி, பழுதுற்ற கருவிப்பகுதி முதலியன தாழ்நிலைக் கழிவுகளாம். இவற்றுள் எரியத்தக்கன சாம்பலாக்கப்படுகின்றன. அழுந்தத்தக்கன பொறியால் அழுத்தப்படுகின்றன. இரண்டும் பருமனைக் குறைப்பனவே யன்றிக் கதிரியக்கத்தைக் குறைப்பன அல்ல. கழிவுநீரிலிருந்து வீழ்படிவு முறையாலும் அயனி மாற்று முறையாலும் கதிரியக்கப் பொருள்கள் பிரித்தெடுக்கப்படுகின்றன. அவ்வாறு திரண்ட சேறு சிமெந்தோடு குழைத்து இறுக வைக்கப்படுகின்றது.

இங்ஙனம் திண்ணியதாக்கிய கழிவு, நிலத்தின் மேற்பரப்பை ஒட்டி அமைந்த வைப்பிடங்களுக்குச் செல்கின்றது. இந்தியாவில் இவ்வைப்பிடங்கள் அணுவாற்றல் நிலையங்கள் உள்ள இடங்களிலேயே அமைக்கப்படுகின்றன. கல்பாக்கத்திலும் ஒன்று உண்டு. கதிர்வீச்சு மிகக் குறைந்தன கல் பதித்த அகழிகளிலும், அதனின் மிக்கன இரும்புக்கம்பி இட்ட கற்காரை அகழிகளிலும், மேலும் மிக்கன ஏறத்தாழ 4 மீட்டர் ஆழமுள்ள உருளைக் குழிகளிலும் வைக்கப்படுகின்றன. நிறைந்தவுடன் கற்காரையால் மூடி, நீர் புகாதவாறு பூச்சிடுவர். சுற்றிலும் கிணறுகள் தோண்டி, நிலத்தடி நீரில் கதிரியக்கம் கசிந்துளதா எனக் காலந்தோறும் ஆய்வர்.

இவ்விடங்களை 300 ஆண்டு காத்தல் வேண்டும் என்பது கருத்து. சீசியத்திற்கும் அதனை ஒத்த அரைவாழ்வுடைய ஸ்ட்ரான்சியம்-90 என்பதற்கும் பத்து அரைவாழ்வு அவ்வளவினதே ஆதலின், இவ்வெண் தானே பெறப்படும். 300 ஆண்டு என்பது மாந்தர் நினைவிற்கு எட்டாத காலமன்று. கல்பாக்கத்தை அடுத்த சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டையும், அதனுள் எழுத்துப் பொறித்த கல்லறைகளும் ஏறத்தாழ அத்துணைப் பழமையுடையனவே. அவை இன்றும் உள. எனினும், அக்கல்லெழுத்தைப் படித்துப் பொருளுணர்வார் அவ்வூரில் அரியர். இதனைப் பின்னர்க் கருதுவோம்.

4. உயர்நிலைக் கழிவும் கண்ணாடியும்

உலையில் எரிந்த எரிபொருளை நைட்ரிக் அமிலத்திற் கரைத்து, யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்தெடுப்பது மறுசெயலாக்கம் எனப்படும். அதன்பின் எஞ்சும் அமிலநீரே உயர்நிலைக் கழிவு. பருமனிற் சிறிதாயினும், கழிவின் மொத்தக் கதிரியக்கத்தில் மிகப் பெரும்பகுதி இதன்கண் உள்ளது. தானே வெப்பத்தையும் உமிழ்வது. இதனை முதற்கண் துருவேறா எஃகுத் தொட்டிகளில், கற்காரை அறைகளுக்குள் வைத்திருப்பர்.

நீராய் இருக்குங்காறும் அது பெயரும் தன்மையது. 1957-இல் சோவியத்து நாட்டில் கிஷ்டிம் என்னும் ஊருக்கு அருகே குளிர்விப்பு இழந்த கழிவுத்தொட்டி ஒன்று வெடித்துப் பெருநிலப்பரப்பைக் கெடுத்தது. கல்பாக்கத்திலேயே, 2003 சனவரியில், மறுசெயலாக்க ஆலையில் ஒரு வால்வு பழுதுற்றமையால் உயர்நிலைக் கழிவுநீர் தாழ்நிலைக் கழிவுநீர்த் தொட்டியுள் புகுந்தது; அஃதறியாது ஆங்குப் பணிபுரிந்த ஊழியர் அறுவர் மிகையான கதிர்வீச்சிற்கு உள்ளாயினர். உயர்நிலைக் கழிவை நெடுநாள் நீராகவே வைத்திருத்தல் தகாது என்பதனை இவை நன்கு வலியுறுத்துகின்றன.

ஆகவே அதனைக் கண்ணாடியாக்குகின்றனர். கழிவுநீரை வற்றச் செய்து, மணல், போரான் ஆகியவற்றின் சேர்மங்களோடு கூட்டி, ஏறத்தாழ 1000 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருக்க, போரோசிலிக்கேட்டுக் கண்ணாடி உண்டாகின்றது. கண்ணாடியைத் தேர்ந்தமைக்குக் காரணம் யாது எனின், கூறுதும். படிகங்களில் அணுக்கள் வரையறுத்த ஒழுங்கில் நிற்பன. பொருந்தாத அணுவிற்கு அவை இடந்தரா. கண்ணாடியின் கட்டமைப்போ அத்தகைய ஒழுங்கு அற்றது. ஆதலின் பல்வேறு தனிமங்களையும் தன் உடம்பின் உறுப்பாகவே ஏற்கும். குடத்துள் நீர்போல் கழிவு கண்ணாடியுள் இருப்பதன்று. சாயம் ஏறிய மணியில் நிறம்போல் அதனோடு ஒன்றி நிற்பது. கண்ணாடி உடைந்தாலும் கழிவு ஒழுகாது. நீர்பட்டுக் கரைதலும் மிக மெல்ல நிகழும். அரிக்கமேட்டில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு மண்ணுட் கிடந்த கண்ணாடி மணிகள் நிறங்கெடாது கிடைத்தமை இதற்கு ஓர் எளிய சான்று.

உருகிய கண்ணாடியை எஃகுக் கலங்களில் வார்த்து, மூடியைப் பற்றவைத்து, புறத்தைத் தூய்மை செய்து, மீண்டும் ஓர் எஃகு உறையுள் இடுவர். இப்பணி யாவும் தடித்த சுவருக்கு அப்பால், தொலைவிலிருந்து இயக்கும் கருவிகளாலேயே நிகழ்கின்றது. இந்தியாவில் தாராப்பூர், டிராம்பே, கல்பாக்கம் ஆகிய மூவிடங்களில் இத்தகைய ஆலைகள் நிறுவப்பட்டுள்ளன. வார்த்த கலங்கள் வெப்பம் தணியும்வரை, இயல்பாய் எழும் காற்றோட்டத்தால் குளிரும் அறைகளில் பல பத்தாண்டு வைக்கப்பட வேண்டியன.

5. ஆழ்நிலை

குளிர்ந்த கலங்களை இறுதியாக எங்கே வைப்பது? கடலில் இடுதல் 1993-இல் உலக உடன்படிக்கையால் முற்றும் விலக்கப்பட்டது. நீரோட்டம் அற்ற, நிலநடுக்கம் அரிதான பாறையில் சில நூறு மீட்டர் ஆழத்தே வைத்தலே தக்கதென அறிஞர் பலரும் உடன்படுகின்றனர். பின்லாந்தில் ஒல்கிலுவோட்டோ என்னுமிடத்தில் ஏறத்தாழ 430 மீட்டர் ஆழத்தில் இதன்பொருட்டுச் சுரங்கம் குடைந்துள்ளனர். ஆங்கு எரிந்த எரிபொருளையே செம்புக் கலத்துள் இட்டு, நீர்பட்டால் உப்பி இடைவெளியை அடைக்கும் பென்டோனைட்டுக் களிமண்ணாற் சூழ்ந்து வைப்பது திட்டம். கலம் தவறின் களிமண்ணும், அதுவும் தவறின் பாறையும் காக்கும். இதனைப் பன்மடித் தடுப்பு என்பர். இந்தியாவில் கோலார் தங்கச் சுரங்கத்தின் கைவிட்ட பகுதியொன்றில், வெப்பத்தால் பாறை எவ்வாறு மாறும் என்பது ஆராயப்பட்டது. எனினும் ஆழ்நிலை வைப்பிடம் ஏதும் இன்றுவரை அமைக்கப்பெறவில்லை.

பாறை இத்துணைக் காலம் காக்குமோ என ஐயுறுவார்க்கு இயற்கையே ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றது. ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டின் ஓக்லோ என்னுமிடத்து யுரேனியப் படிவில், ஏறத்தாழ 200 கோடி ஆண்டுக்கு முன் அணுப்பிளவு தானே நிகழ்ந்தது என்பது 1972-இல் அறியப்பட்டது. அதில் தோன்றிய புளூட்டோனியம் தோன்றிய இடத்தைவிட்டு மிகுதியும் அகலாமலே அழிந்தொழிந்தது.

6. பின்வருவோர்க்கு உரைத்தல்

இதுகாறும் கூறியன அறிவியலார் பணி. இனி வருவது மொழியறிஞர்க்கும் உரியது. இவ்விடத்தைத் தோண்டற்க என 10,000 ஆண்டுக்குப் பின் வருவோர்க்கு எவ்வாறு உணர்த்துவது? அமெரிக்க அரசு 1981-இல் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. நியூமெக்சிகோவிலுள்ள வைப்பிடத்திற்காக 1993-இல் வெளிவந்த ஆய்வுரை, ஐக்கிய நாடுகளின் ஆறு மொழிகளோடு நவகோ என்னும் அந்நிலத்துத் தொன்மொழியிலும் எச்சரிக்கை பொறிக்கலாம் எனக் கருதியது.

இவ்வினாவிற்குத் தமிழகத்தின் சான்றுகள் மூன்று விடை தருகின்றன. முதலாவது, எழுத்துப் பற்றியது. பாண்டிநாட்டுக் குகைகளிற் பொறித்த பழந்தமிழ் எழுத்து, மொழி வழக்கில் இருக்கவே மறக்கப்பட்டது. 1837-இல் பிரின்செப் அசோகர் எழுத்தைப் படித்த பின்னரும், அக்குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்பதனைக் கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924-இல் நிறுவ வேண்டியிருந்தது. கல்பாக்கத்திற்கு வடக்கே சாளுவன்குப்பத்து அதிரணசண்டன் குகையில் ஒரே பாடலைக் கிரந்தம், நாகரி என்னும் இருவகை எழுத்திலும் பொறித்தவன் இவ்விடரை முன்னுணர்ந்தானோ என எண்ணத் தோன்றும்.

இரண்டாவது, எச்சரிக்கை பற்றியது. கல்வெட்டுகளின் இறுதியில் அறத்தை அழிப்போர்க்குத் தீவினை கூறும் ஓம்படைக்கிளவி உண்டு. அதனைப் படித்து அஞ்சினோர் இருந்திருக்கலாம். ஆயினும் அக்கல்லையே பெயர்த்துப் படிக்கட்டாக்கினோரும் உளர்.

மூன்றாவது, குறி பற்றியது. செங்கற்பட்டுக் கல்வட்டங்கள் ஈராயிரம் ஆண்டுக்கு மேல் நிலைத்தன. ஆனால் அவை ஈமச்சின்னம் என்பது மறந்து, மக்கள் அவற்றைப் பாண்டவர் குழி என வழங்கினர். குறி நிற்கப் பொருள் மறைந்தது. மறைந்த பின் அக்குறியே அகழ்வோரை அழைத்தது. குறியிடாது விடுதலே நலம் என்பாரின் கூற்று இதனால் வலியுறுகின்றது.

7. முடிபு

ஓலை சில நூற்றாண்டில் இற்றுப்போவது. எனினும் சங்கநூல்கள் ஈராயிரம் ஆண்டு வாழ்ந்தன. பெயர்த்தெழுதுவோரும் உரைகாண்போரும் வழிவழி வந்தமையே அதற்குக் காரணம். அவ்வழி 19-ஆம் நூற்றாண்டில் அறுபடும் நிலையை எய்தியதையும் நாம் அறிவோம். எனவே, 300 ஆண்டுக் காவலை மாந்தர் நினைவிடம் ஒப்படைக்கலாம்; அதற்கும் பதிவேட்டைத் தலைமுறைதோறும் புதிய மொழிநடையிற் பெயர்த்தெழுதும் ஒழுங்கு வேண்டும். இரண்டு இலட்சம் ஆண்டுக் காவலை நினைவிடம் ஒப்படைத்தல் தகாது; அது பாறையின் பொறுப்பாதல் வேண்டும்.

இறுதியாகச் சொல்லைப் பற்றி ஒன்று. இச்செயலை அகற்றல் என்றும் ஒழித்தல் என்றும் எழுதுவர். ஈண்டு எதுவும் ஒழிவதுமில்லை; நம்மை விட்டு நீங்குவதுமில்லை. மீட்கும் கருத்தோடு வைப்பதனைச் சேமிப்பு என்றும், மீட்கும் கருத்தின்றி வைப்பதனை அடக்கம் என்றும் கூறுதல் பொருந்தும். உள்ளே அடங்கியிருத்தல், நிலத்துள் அடக்குதல் ஆகிய இரு பொருளும் அச்சொற்கு உள. ஒழித்துவிட்டோம் என நம்புவோர் மறப்பர். அடக்கியுள்ளோம் என அறிந்தோர் காப்பர். சொல்லைத் திருத்தமாக வழங்குதல் இத்துறையில் காவலின் ஒரு கூறேயாம்.