கேள்வி கேட்டவர் பதில் சொல்ல வந்தபோது

நாள்தோறும் நம் இல்லத்தில் ஒலிக்கும் குரலை நாம் எளிதில் நம்பிவிடுகிறோம். செய்தி சொல்பவர் நம்மை அறியார். நாமோ அவரை உறவினரைப்போல் அறிந்ததாக எண்ணுகிறோம். அவரே ஒருநாள் வாக்குக் கேட்டு நம் வாசலில் வந்து நின்றால், அந்த நம்பிக்கையை எவ்வாறு பயன்படுத்துவார்? இதைச் சிந்திக்க, கனடா நாட்டின் கியூபெக் மாகாணத்து ரெனே லெவெக்கின் வாழ்வு நமக்குத் துணைசெய்யும்.

1922-இல் பிறந்த அவர், பிரெஞ்சு மொழி பேசும் கத்தோலிக்கர் பெரும்பான்மையாய் வாழ்ந்த அம்மாகாணத்தில், நியூ கார்லைல் என்னும் கடலோரச் சிற்றூரில் வளர்ந்தார். காஸ்பே நகரில் சேசு சபைக் குருக்களிடம் கல்வி கற்றார். பின்னர் சட்டப் படிப்பை நடுவில் விட்டு வானொலிப் பணியை மேற்கொண்டார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையுடன் செய்தியாளராகச் சென்றவர், 1945-இல் டாஹாவ் வதைமுகாமின் கொடுமையை நேரில் கண்டார். 1951-இல் கொரியப் போர்க்களத்திலிருந்து செய்தி அனுப்பினார்.

1956-ஆம் ஆண்டு தொலைக்காட்சியில் அவர் தொடங்கிய நிகழ்ச்சி அவரை வீடுதோறும் அறிமுகமாக்கியது. கரும்பலகை, சுண்ணக்கட்டி, நிலப்படம் ஆகியவையே அவருடைய கருவிகள். கரகரத்த குரலில், சூயெசுக் கால்வாய்ச் சிக்கல் போன்ற உலக விவகாரங்களைப் பாமரரும் புரிந்துகொள்ளும்படி விளக்கினார். 1958-ஆம் ஆண்டின் இறுதியில் மொன்றியால் நகரத் தொலைக்காட்சித் தயாரிப்பாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, தம் நிகழ்ச்சி நின்றுபோவதைப் பொருட்படுத்தாமல் அவர்கள் பக்கம் நின்றார்.

1960-இல் லிபரல் கட்சி வேட்பாளரானார். வாக்காளரைக் குழப்ப அதே பெயருடைய வேறொருவரும் தேர்தலில் நிறுத்தப்பட்டார்; எனினும் லெவெக் மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் வென்று அமைச்சரானார். தனியார் மின்சார நிறுவனங்களை அரசே வாங்கவேண்டும் என்ற திட்டத்தை, 1962-ஆம் ஆண்டுத் தேர்தலின்போது பழைய ஆசிரியரைப்போலவே மக்களுக்கு விளக்கிக் காட்டினார். மறு ஆண்டே அது நிறைவேறியது.

பின்பு அக்கட்சியை விட்டு விலகி, கியூபெக் தனித்து ஆளவேண்டும் என்ற நோக்குடன் 1968-இல் புதுக்கட்சி கண்டார். அந்நோக்கத்தை ஏற்றோரும் மறுத்தோரும் நல்லோராகவே இருந்தனர். அதில் தீர்ப்பிடுவது நம் வேலையன்று. 1970-இலும் 1973-இலும் தம் தொகுதியிலேயே அவர் தோற்றார். புகழ் பெற்ற குரலும் அவரைக் காக்கவில்லை. ஆயினும் 1976-இல் அவருடைய கட்சி 110 இடங்களில் 71-ஐப் பெற, மாகாண முதல்வரானார்.

அதிகாரம் கைக்கு வந்ததும் அவர் செய்தவற்றுள் ஒன்றை நாம் மறத்தலாகாது. 1977-இல் அவர் அரசு இயற்றிய சட்டத்தின்படி, நிறுவனங்களோ தொழிற்சங்கங்களோ கட்சிகளுக்குப் பணம் அளிக்க இயலாது. வாக்குரிமையுள்ள தனிமனிதரே அளிக்கலாம். அதுவும் அன்று ஆண்டுக்கு 3,000 டாலருக்கு மேற்படலாகாது என்றிருந்தது. தம் கட்சிக்கும் சேர்த்தே அவர் இட்ட கடிவாளம் இது.

1980-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள், தம் வாழ்நாள் இலட்சியத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டார். நூற்றுக்கு ஏறத்தாழ அறுபது பேர் மறுத்தனர். அன்றிரவு கண்ணீர் சிந்திய தொண்டர்முன் நின்று, தோல்வியை மறைக்காமல், அத்தீர்ப்பை ஏற்கவேண்டும் என்றார். 1985-இல் பதவி துறந்த அவர், 1987-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், சகல புனிதர்களின் திருநாளன்று, காலமானார்.

அவரைப் புனிதர் என்று நாம் சொல்லவில்லை. குறைகள் அவரிடமும் இருந்தன. ஆனால் மக்கள் தம் குரல்மீது வைத்த நம்பிக்கையை அவர் அடைக்கலப் பொருளாகக் கருதினார். புகழ்ந்து மயக்குவதைவிட விளக்கிச் சொல்வதையே நாடினார். அரசியற் பணிக்குத் தகுதியுடையோர் தன்னலம் கருதாது அதற்குத் தம்மை ஆயத்தப்படுத்த வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கற்பித்ததும் இதனாலன்றோ?

ஞாயிறுதோறும் பீடத்தின் அருகே நின்று பேசும் குருக்களாகிய எங்களுக்கும் இதில் பாடமுண்டு. நீங்கள் பொறுமையுடன் கேட்கிறீர்கள் என்பதற்காக, நாங்கள் எதையும் சொல்லிவிடலாகாது. வாக்களிக்கச் செல்லும் குடும்பங்களுக்கும் ஒரு சொல்: பழகிய குரல் என்பதற்காக எவருக்கும் வாக்களிக்க வேண்டாம். அவர் நமக்கு உண்மையை விளக்குகிறாரா, யாருடைய பணத்தில் நிற்கிறார், தோற்றால் எப்படி நடந்துகொள்வார் என்று உணவு மேசையில் பிள்ளைகளோடு பேசிப் பாருங்கள். பேசியபின் வாக்குச்சாவடிக்குச் செல்லுங்கள்.