உரிமம் தேடி – 9: ரிவால்வருக்கு என்ன காரணம்?

பயிரைக் காக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமம் பெறுவது பற்றிப் போன வாரம் பார்த்தோம். ரிவால்வருக்கும் அதே விண்ணப்பம்தானே என்று தோன்றும். விண்ணப்பம் அதேதான். சட்டத்தின் பார்வைதான் வேறு.

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவைப் பாருங்கள். உட்புறம் வழவழப்பான, 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட துப்பாக்கியைத் தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ ஓர் இந்தியக் குடிமகன் கேட்டால், தகுதிக்குறை ஏதும் இல்லாதபட்சத்தில் உரிமம் கொடுத்தாக வேண்டும். மற்ற துப்பாக்கிகள் என்றால், கேட்பவருக்கு நல்ல காரணம் இருக்கிறது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். பிஸ்டலும் ரிவால்வரும் இந்த இரண்டாவது வகையில்தான் வருகின்றன. வங்கி வாசல் காவலாளியின் தோளில் தொங்கும் ரெட்டைக்குழல் துப்பாக்கி தெருவுக்கே தெரியும். இடுப்பில் செருகியது பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது. இந்தப் பாகுபாடு நியாயம்தான் என்பது என் கட்சி.

எது நல்ல காரணம்? 2016-ன் ஆயுத விதிகள் ஓரளவு சொல்கின்றன. தொழில் காரணமாக உயிருக்கோ உடைமைக்கோ காப்பு தேவைப்படுகிறவர், துப்பாக்கி சுடும் விளையாட்டில் தொடர்ந்து ஈடுபடுகிறவர், ராணுவத்திலோ போலீஸிலோ இருக்கிற அல்லது இருந்த, உண்மையான தேவை உள்ளவர். 'எதற்கும் ஒன்று இருக்கட்டுமே' என்பது இதில் இல்லை. ரொக்கமும் நகையுமாக ஊர் ஊராகப் போகிறவர் வியாபார ஆவணங்களை இணைக்கட்டும். மிரட்டல் வந்தது என்பவர், அப்போதே கொடுத்த போலீஸ் புகாரின் நகலை இணைக்கட்டும். போதிய சொத்து இல்லை என்பதற்காக மட்டும் யாருக்கும் உரிமத்தை மறுக்கக் கூடாது என்கிறது ஆயுதச் சட்டத்தின் 14-வது பிரிவு.

வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். ஏ-1 படிவம், மருத்துவச் சான்று, ஆயுதத்தைப் பத்திரமாகக் கையாளப் பயின்ற சான்று, முகவரிச் சான்று என எல்லாம் சேர்ந்து கலெக்டருக்கு, கமிஷனர் உள்ள மாநகரம் என்றால் கமிஷனருக்குப் போகும். அங்கிருந்து கோப்பு உங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்கு வரும். குறித்த காலத்துக்குள் நிலைய அறிக்கை வராவிட்டால், அதற்காகக் காத்திராமல் உத்தரவு போட அதிகாரிக்குச் சட்டத்தில் இடமுண்டு. போடுவதும் போடாததும் அவர் இஷ்டம்.

உரிமம் வந்தாலும் பிடித்ததை வாங்கிவிட முடியாது. 9 எம்.எம். பிஸ்டல் தடை செய்யப்பட்ட ரகம். பெரும்பாலோர் வாங்குவது .32 ரிவால்வர் அல்லது பிஸ்டல். பெண்களை மனதில் வைத்து கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை 2014-ல் கொண்டுவந்த 'நிர்பீக்' ரிவால்வரின் விலை அப்போதே 1.20 லட்சம் ரூபாய்க்கு மேல். சொத்து தேவையில்லை என்று சட்டம் சொல்லலாம், விலைப்பட்டியல் அப்படிச் சொல்லவில்லை!

வாங்கிய துப்பாக்கியின் எண் உரிமத்தில் ஏற வேண்டும். ஒருவர் 2 துப்பாக்கிகள் வரை வைத்துக்கொள்ளலாம். 2019 திருத்தத்துக்கு முன்பு 3. உரிமக் காலம் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக உயர்ந்ததும் அந்தத் திருத்தத்தில்தான். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள்.

மறுத்துவிட்டால்? மறுப்புக்கான காரணத்தை அதிகாரி எழுத்தில் பதிய வேண்டும். பொதுநலனுக்குப் பாதகம் என்று அவர் கருதினாலொழிய, கேட்டால் அதைச் சுருக்கமாகத் தரவும் வேண்டும். மேல்முறையீட்டுக்கு 30 நாள் அவகாசம். 'கிடைக்காதுங்க' என்று வாய்வார்த்தையாகச் சொன்னதைக் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். உத்தரவைக் கையில் வாங்குங்கள். மேல்முறையீடு அந்த உத்தரவின் மீதுதான்.