பக்த போதனாவும் சைவ நோக்கும்

சைதாப்பேட்டையிலே காரணீசுவரர் திருக்கோயிலும் பிரசன்ன வேங்கடேச நரசிம்மப் பெருமாள் திருக்கோயிலும் ஓரூரின்கண்ணே விளங்குகின்றன. பிரதோஷத்தில் முன்னதிற்குச் செல்லும் குடும்பத்தார் சிலர் புரட்டாசிச் சனிக்கிழமையில் பின்னதிற்கும் செல்வர். தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்து வழங்கும் சென்னையில் இது புதுமையன்று. இத்தகைய சூழலில் வாழும் சிவபூசை உடையார் ஒருவர் ‘பக்த போதனா’ என்னும் தெலுங்குப் படத்தைக் கண்டு கண்ணீர் உகுத்தார் என்று கொள்வோம். வீடு திரும்பியபின் அவர்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பே. சிவபெருமானைத் தியானித்திருந்த புலவர்க்கு இராமபிரான் வெளிப்பட்டான் எனின், தியானிக்கப்பட்ட பெருமான் என்னாயினான்? அக்கதைக்கு உருகுதல் சைவனுக்குத் தகுமோ, தகாதோ? இவ்வையத்தை நூல்வழி நின்று ஆராய்வதே ஈண்டுக் கருத்து.

இப்படம் வாகினி நிறுவனத்தாரால் ஆக்கப்பட்டு 1943-இல் வெளிவந்தது. கே. வி. ரெட்டி முதன்முதல் இயக்கிய படம் இதுவே. போதனராக நடித்தவர் சித்தூர் வி. நாகையா, சீநாதராக நடித்தவர் கௌரிநாத சாஸ்திரி. நாகையா பிறர் குரலை இரவல் கொள்ளாது தாமே பாடி நடிக்க வல்லவர். பின்னர்த் ‘தியாகய்யா’ (1946), ‘யோகி வேமனா’ (1947) என்னும் படங்களிலும் அருளாளர் வேடமே பூண்டார். அதே காலத்தில் தமிழில் தண்டபாணி தேசிகர் பட்டினத்தாராகவும் (1936), தாயுமானவராகவும் (1938), மாணிக்கவாசகராகவும் (1939), நந்தனாராகவும் (1942) தோன்றினமை சைவ அன்பர் அறிவர். வேடம் பொருந்துவதற்கு இசையே வாயிலாயிற்று என்பது இருவர்க்கும் ஒக்கும்.

இனி, போதனர் யாவர்? பம்மெர போதனா 15-ஆம் நூற்றாண்டினர். இக்காலத் தெலங்கானாவிலுள்ள பம்மெர என்னும் ஊர் அவரது ஊர் என்பர். கடப்பைப் பகுதியிலுள்ள ஒண்டிமிட்டாவே என்பாரும் உளர். தந்தையார் பெயர் கேசனர். குடி சிவபத்தியிற் சிறந்தது. அவர் இயற்றிய ‘வீரபத்திர விஜயம்’ தக்கன் வேள்வி அழிந்த வரலாற்றைக் கூறுவது. கந்தபுராணத்துத் தக்க காண்டத்தையும் ஒட்டக்கூத்தரின் தக்கயாகப் பரணியையும் ஓதிய தமிழர்க்கு அப்பொருள் நன்கு தெரிந்ததே. ஆகவே, பாகவதம் பாடிய அதே நாவே வீரபத்திரர் வெற்றியையும் பாடிற்று என்பதை முதற்கண் உளங்கொள்ளுதல் வேண்டும்.

பாகவதத்தைத் தெலுங்கிற் பாடப் புகுந்த காரணத்தைப் போதனர் நூலின் தோற்றுவாயிலே தாமே உரைக்கின்றார். சந்திர கிரகண நாளில் ஆற்றில் மூழ்கி, மணற்றிட்டில் அமர்ந்து, மகேசுவரனைத் தியானித்து, அரைக்கண் மூடியிருந்தார். அப்பொழுது அரசகோலத்தோடு ஒருவர் பெருமாட்டியுடன் தோன்றித் தம்மை இராமபத்திரன் எனக் கூறி, பாகவதத்தைத் தம் பெயரால் தெலுங்கில் ஆக்குமாறு பணித்து மறைந்தார். இதுவே புலவர் வாய்மொழி. அத்தோற்றுவாயில் திருநடம் புரியும் சூலபாணிக்கு வணக்கமும் உண்டு. கை நிறையச் சிவனைப் பூசியாமலும் வாய் நோவ அரியின் புகழ் பாடாமலும் கழியும் பிறவி பயனற்றது என்னும் பொருள்பட ஒரு செய்யுளும் உண்டு. கைக்குச் சிவபூசையும் வாய்க்கு அரிகீர்த்தியுமாக அவர் பகுத்துக்கொண்டார். ஒன்றைப் பற்றி மற்றொன்றை விட்டாரல்லர்.

செவிவழிக் கதைகளோ பல. இராசகொண்டை மன்னன் சிங்கபூபாலன் நூலைத் தனக்கு உரிமையாக்குமாறு வேண்ட, போதனர் மறுத்தார். மன்னன் சினந்து ஏட்டைப் புதைப்பித்தான். பின்னர் எடுத்தபோது சில பகுதிகள் செல்லரித்திருந்தன என்பது ஒன்று. ஐந்தாம் கந்தத்தைக் கங்கனரும், ஆறாவதைச் சிங்கனரும், இறுதி இரண்டனை வெலிகந்தல நாராயணரும் பாடியிருத்தலின், அவ்வேறுபாட்டிற்குக் காரணம் காட்ட எழுந்த கதை இஃதென்று கொள்ளலாம். சீநாதர் போதனருக்கு மைத்துனர் என்பது மற்றொன்று; இருவர் காலமும் ஒவ்வாமையால் ஆராய்ச்சியாளர் பலர் இதனை ஐயுறுவர். அரசவையிற் சிறந்த சீநாதரையும் ஏருழுது உண்ட போதனரையும் எதிரெதிர் நிறுத்துதற்கு இவ்வுறவு ஏற்றதாகலின் படம் செய்தோர் கதையை மேற்கொண்டனர். காண்போர் இதனை வரலாறு என மயங்காதிருத்தல் நன்று. ஆயினும் மனிதர்க்குத் தம் நூலை விற்க ஒருப்படாமையைப் போதனர் தாமே தோற்றுவாயிற் கூறியிருத்தலின், கதையின் உயிர்நிலை பொய்யன்று.

இனி ஐயத்திற்கு வருவோம். சிவதியானத்திற்கு இராமதரிசனம் பயனாதல் எங்ஙனம் என வினவின், விடை கூறுதும். சிவஞான சித்தியார் சுபக்கத்தில் அருணந்தி சிவாசாரியர், எத்தெய்வத்தை ஒருவர் வழிபடினும் அத்தெய்வமாய் நின்று பயன் அளிப்பவன் உமையொரு பாகனே என அறுதியிட்டனர். அதற்கு அவர் காட்டும் ஏதுவும் நோக்கத்தக்கது. ஏனைத் தெய்வங்கள் பிறப்பு இறப்பும் வினையும் உடையன. இவை இல்லாத முதல்வனே வழிபட்டார் கருத்தை அறிந்து அருளவல்லான் என்பது அவ்வேது. சிவம் முதல் அயன் ஈறாக ஒன்பது பேதமாய் ஒருவனே நின்று நடத்துவன் என்னுமிடத்து மாலும் எண்ணப்படுதலை அந்நூல் ஓதினார் அறிவர். இதுபற்றியே உரைகாரர் சம்பு பட்சம், அணு பட்சம் என இருவகை வகுத்தனர். முதல்வனே கொண்ட திருமால் வடிவம் சம்பு பட்சம். அவ்வதிகாரத்தைப் பெற்ற ஆன்மா அணு பட்சம். ஆகவே, மணற்றிட்டிலே தியானிக்கப்பட்டவன் வாளா இருந்தானல்லன். அவனே, தன் அன்பன் உள்ளம் எவ்வடிவிற் கனிந்து கிடந்ததோ அவ்வடிவில் வந்து ஏவினான் என்பதே சித்தாந்தத்திற்கு இயைந்த விடையாம்.

அற்றேல், அந்நூலின் பரபக்கத்துப் பாஞ்சராத்திரம் மறுக்கப்பட்டது என்னை எனின், ஆண்டு மறுக்கப்பட்டது முதற்பொருளைப் பற்றிய கொள்கை, அன்பன்று. கொள்கையை மறுத்தல் வேறு, அன்பரை இகழ்தல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுதலாலேயே வீண் பூசல் விளைகின்றது. மற்று, போதனரைச் சித்தாந்தி என நம்மவராக்கிக் கொள்ளுதலும் பொருந்தாது. பதி பசு பாசம் என்னும் முப்பொருளை அவர் நம் ஆசிரியர் முறையில் நிறுவினாரல்லர். அரியையும் அரனையும் வேற்றுமையின்றிப் போற்றியவர் அவர். அவரை அவராகவே அறிதல் நடுவுநிலை.

சைவர்க்கு அவர்பால் நெருங்கிய உறவு வேறோரிடத்து உண்டு. திருப்புகலூர்ப் பதிகத்திலே நம்பியாரூரர், ஈயாத செல்வரை இல்லாதன சொல்லிப் புகழ்ந்து இளைக்கும் புலவரை அழைத்து, புகலூரைப் பாடின் இம்மைக்கு உணவும் உடையும் மறுமைக்குச் சிவலோகமும் கிட்டும் என அறிவுறுத்தினார். அரசன் ஏவலாளர் வந்து அழைத்த ஞான்று, தாம் ஒருவர்க்கும் குடியல்லர் என மொழிந்தவர் திருநாவுக்கரசர். ஏர்முனையில் நின்றுகொண்டு அரசன் பொன்னை மறுத்த போதனர் அவ்வழியிலே ஒளிர்கின்றார். தமிழ் நாயன்மார் வரலாறுகளைப் பால்குரிகி சோமநாதரின் பசவபுராணம் வாயிலாகத் தெலுங்கு நாடு முன்னரே கேட்டுத் தழைத்தது என்பதும் நினைவுகூரத்தக்கது.

படக்காட்சி கேளிக்கைக்கு உரியது. அதனாற் பத்தி விளையுமோ என்பார்க்கு ஒன்று கூறலாம். சிந்தாமணியின் இன்பச் சுவையில் ஈடுபட்டிருந்த சோழனை மீட்டுத் திருத்தொண்டர் வரலாற்றிற் செலுத்தியவர் சேக்கிழார் எனச் சேக்கிழார் புராணம் கூறும். சுவையால் இழுக்கப்படும் நெஞ்சைச் சுவை வழியே சென்று திருப்புதல் பெரியோர் கண்ட நெறி. எனினும் திரையிற் காணும் உருக்கம் வாயில் மாத்திரையே. விளக்கணைந்து மக்கள் கலைந்தபின் அவ்வுருக்கம் திருமுறை ஓதுதலிலும், பூசையிலும், அடியார் பணியிலும் நிலைபெறாதாயின் அது நாடகத்தோடு முடிந்த கண்ணீரேயாம். நிலைபெறின், அது தெலுங்குப் புலவர் கதையால் வந்ததாயினும் திருவருட்பேறே.

ஆதலின் சைதாப்பேட்டை அன்பர் தம் கண்ணீருக்கு நாண வேண்டுவதில்லை. அவர் மறுநாட் காலையில் காரணீசுவரர் திருமுன் நின்று, மனிதரைப் பாடாத அந்நாவின் உறுதியைத் தமக்கும் தந்தருளுமாறு வேண்டுவாராயின், படம் கண்ட பயன் முற்றும் அவர்க்குக் கைகூடியதாம்.